கழிவா? உரமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சிறுநீரைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கலாம். விடுதியில் என் அறை நண்பனும் கேட்டவுடன் சிரித்தான். சிரித்து முடித்தபின் இதனைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறார். யூரியா மூட்டைக்காக அவருக்குப் பதிலாக நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். எங்கள் ஊர் ஏரியிலோ பக்கத்து நகரத்துச் சாக்கடை வந்து கலக்கிறது. நான் நீந்திப் பழகிய ஏரியை இன்று ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. உரத் தட்டுப்பாடும் ஏரியின் கேடும் வெவ்வேறு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு வகுப்பில் யூரியாவைப் பற்றிப் படித்தபோதுதான் இரண்டிற்கும் உள்ள உறவு விளங்கிற்று.

ஒரே பொருள், இரண்டு பாதை

1828-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி வோலர் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். அதுவரை அது உயிர்களின் உடலில் மட்டுமே உண்டாகும் பொருள் எனக் கருதப்பட்டது. ஆலை மூட்டையில் வரும் யூரியாவும் நம் உடல் வெளியேற்றும் யூரியாவும் ஒன்றே.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் அளவில் சிறுநீர் நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் அதிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடும், மணிச்சத்தில் ஏறத்தாழப் பாதியும் சிறுநீரிலிருந்தே வருகின்றன. இச்சத்துகள் ஏரியில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மாள்கின்றன. வயலுக்கு உணவாவது ஏரிக்கு நஞ்சாகிறது!

கலக்குமுன் பிரித்தல்

சாக்கடையில் கலந்தபின் பிரிப்பது கடினம்; செலவும் மிகுதி. கலக்குமுன் பிரிப்பது எளிது. சிறுநீருக்குத் தனி வழி வைத்த கழிவறையிலிருந்து குழாய் மூலம் மூடிய தொட்டியில் அதனைச் சேர்க்கலாம். அங்கே யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. காரத்தன்மை மிகுந்து நோய்க்கிருமிகள் அழிகின்றன. 20 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலையில் ஆறு மாதம் வைத்திருந்தால் எல்லாப் பயிருக்கும் இடலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூடி திறந்திருந்தால் அம்மோனியா காற்றில் போய்விடும். இலையில் படாமல் மண்ணில் ஊற்றி, உடனே மண்ணால் மூடுவது நலம்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்னும் ஊரில் 2012 முதல் வீடுகளிலிருந்து சிறுநீரைச் சேகரித்து, கிருமி நீக்கி, புல்வெளிப் பண்ணைகளுக்கு அளித்து வருகின்றனர். நம் திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள முசிறியிலும் இத்தகைய பொதுக் கழிவறை கட்டப்பட்டது. கட்டணம் வாங்குவதற்குப் பதில், பயன்படுத்தியவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

குறைகளும் உண்டு. சிறுநீரின் பெரும்பகுதி தண்ணீரே. ஆகையால் தொலைவுக்குக் கொண்டு செல்வது சுமை. உப்பும், நாம் உண்ணும் மருந்துகளின் எச்சமும் அதில் உள்ளன. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: இவ்வேலையை ஒரு சாதியாரின் தலையில் சுமத்தும் பழைய கொடுமை மறுபடி முளைக்கக்கூடாது. குழாயும் பம்பும் தொட்டியும் செய்ய வேண்டிய வேலை இது.

ஒரு கணக்கு

நம் நாட்டு உணவில், ஒருவரின் சிறுநீரில் ஆண்டுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து வெளியேறுகிறது. ஐவர் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவின் சத்து வீணாகிறது! இக்கணக்கைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஆட்டுக்கிடை போட்ட நிலம் ஏன் அப்படி விளையுதுன்னு இப்பத்தானே தெரியுது” என்றார்.

நம் கல்லூரி விடுதியில் ஆண்களுக்கான சிறுநீர்க் கழிப்பிடம் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறது. தேவை மூடிய தொட்டி ஒன்றே. தோட்டத்து வாழைகளில் பாதிக்கு இட்டு, மீதிக்கு இடாமல், வளர்ச்சியை அளந்து பார்க்கலாம். முகம் சுளிப்பதை விடுத்து முயன்று பார்ப்போமாக! அடுத்த மலரில் அதன் முடிவை எழுத நான் காத்திருக்கிறேன்.