தொழிற்கூட மண்ணில் எண்ணெய்க் கசிவு: பரிசோதிப்பது எவ்வாறு?

மண் பரிசோதனை என்றதும் நம் விவசாயிகளுக்கு நினைவு வருவது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் அளவே. வயலில் பல இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, பையிலிட்டுக் குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்புவது பழகிய காரியம். ஆனால் அதே மண்ணில் டீசலோ பெட்ரோலோ ஊறியிருக்குமாயின், அந்தப் பரிசோதனை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்குரிய பரிசோதனை வேறு. மண் எடுக்கும் முறையும் வேறு.

குருவிநத்தத்து விவசாயிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். தென்பெண்ணைக் கரையின் வண்டல் நிலம் நம்முடையது. பாகூர் வட்டாரத்தில் பயிருக்கும் குடிநீருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியிருக்கிறோம். எண்ணெய்த் தொட்டி இருப்பது சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைகளில் மட்டும் அல்ல; லாரிப் பட்டறையிலும் ஜெனரேட்டர் கொட்டகையிலும் உண்டு. மூடிப்போன தொழிற்கூடத்து மனை மலிவாக வருகிறதென்று பொதுக் கிணறு தோண்ட முற்படும் பஞ்சாயத்து, தரைக்கு அடியில் இருப்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டு செல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, அண்டை வீடுகளின் ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருள் வந்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தபோது கச்சா எண்ணெய் வயலிலேயே பரவியது. ஊரார் கண்ணாரக் கண்டனர். தண்டையார்பேட்டையில் கிணற்று நீர் நாறும் வரை கசிவு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இவ்விரண்டில் கண்ணுக்குத் தெரியாத கசிவே அதிக ஆபத்தானது என்பது என் கருத்து.

காரணம் எளியது. எண்ணெய் நீரைவிட இலேசானது. மணற்பாங்கான நிலத்தில் விரைவாகவும் களிமண்ணில் மெதுவாகவும் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதந்து பக்கவாட்டில் நகர்கிறது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது அதுவும் தாழ்கிறது. மழையில் உயரும்போது உயர்கிறது. இவ்வாறு ஏறி இறங்கும் ஆழம் முழுவதும் மண் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடுகிறது. ஆற்றங்கரை நிலத்தில் களிமண்ணுக்கிடையே மணற்படிவும் இருக்குமாதலால், எண்ணெய் எந்தப் பக்கம் போயிற்று என்பதை மேலிருந்து ஊகிக்க இயலாது.

சந்தேகம் தோன்றினால் கிராமத்திலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் குப்பியில் பாதி மண்ணும் பாதி தண்ணீருமாக இட்டு, மூடிக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், எண்ணெய் இருப்பின் வானவில் நிறப் படலம் மேலே மிதக்கும். இரும்புச் சத்து மிகுந்த நீரிலும் இத்தகைய படலம் தோன்றுவதுண்டு. குச்சியால் கலைத்துப் பாருங்கள்: துண்டு துண்டாக உடைந்து நின்றால் அது பெரும்பாலும் இரும்பினால் வந்தது, மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். படலம் தோன்றாததனாலேயே மண் சுத்தமானது என்று கொள்ளலாகாது. மண்ணை மூக்கருகே வைத்து முகர்வதும், தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் நம்மவர் வழக்கம். இரண்டையும் அறவே விட்டுவிட வேண்டும். பெட்ரோலிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

முறையான பரிசோதனைக்கு மண்ணைத் தொட்டியின் அடி, குழாய் இணைப்பு, எண்ணெய் நிரப்பும் இடம், கழிவு ஓடும் சாக்கடை ஆகியவற்றினருகே துளையிட்டு எடுக்க வேண்டும். மேல்மண் மட்டும் போதாது. பெட்ரோல் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிவிடுமாதலால் அங்கே மண் சுத்தமாகத் தோன்றும். நீர்மட்டம் வரை வெவ்வேறு ஆழங்களில் எடுத்தால்தான் உண்மை வெளிப்படும். உர ஆய்வுக்குச் செய்வதுபோல் மண்ணைக் கலத்தலும் வெயிலில் உலர்த்துதலும் ஆகா. கண்ணாடிக் குப்பியில் இடைவெளியின்றி நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். கசிவுக்கு எட்டாத மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குப்பி மண் ஒப்பீட்டுக்காக உடன் செல்லட்டும்.

ஆய்வுக்கூடத்தார் வாயு நிறப்பிரிகைக் கருவியால் பெட்ரோல், டீசல், பென்சீன் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அறிக்கை தருவர். நெதர்லாந்து நாட்டு வரையறையில் மண்ணைச் சீர்செய்யக் கருத வேண்டிய அளவு கனிம எண்ணெய்க்கு 5,000 மில்லிகிராம், பென்சீனுக்கோ 1.1 மட்டுமே. ஆகவே மொத்த எண்ணெய் குறைவாயிருக்கிறதென்று திருப்தியடைந்துவிடாமல், பென்சீன் அளவைத் தனியே கேட்டு வாங்குவது நல்லது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு அறிவிக்கும் பொறுப்பு, அவ்விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்புக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ உரியது. தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு முதற்கட்ட மதிப்பீடு செய்தல் வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். நமக்கு அது புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். மனுவோடு, தொட்டி இருந்த இடமும் சுற்றியுள்ள கிணறுகளும் குறித்த ஒரு வரைபடம் இணைத்தால் வேலை விரைவாகும்.

முடிவு வரும் வரை, அருகிலுள்ள ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரை ஓட்டாதிருங்கள். நீரை இறைக்க இறைக்க, மேலே மிதக்கும் எண்ணெயும் அக்கிணற்றை நோக்கியே இழுபடும்.