எலி கடித்த மல்டிமீட்டர் வயர்... டேப் சுற்றினால் போதுமா?

2021 ஜூனில், மின்கம்பிகளில் ஓடும் அணில்களாலும் மின்தடை ஏற்படுகிறது என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது மீம்ஸ்கள் பறந்தன. எலக்ட்ரீஷியன்களுக்கு அது வெறும் சிரிப்புச் செய்தி இல்லை. ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை முடித்து தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்புபவர்களின் டூல்ஸ் பை, இரவில் ராகி மூட்டைக்குப் பக்கத்தில்கூட கிடக்கும். காலையில் பார்த்தால் வயரில் பல் தடம்!

ஏன் கடிக்கின்றன?

எலி, பெருச்சாளி, அணில் மூன்றுமே கொறித்துண்ணிகள். இவற்றின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் பிழைக்க முடியும். மெத்தென்ற வயர் உறை அதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. டிபன் பாக்ஸையும் அதே பையில் வைத்தால், நாமே கூப்பிட்டு விருந்து வைப்பது போலத்தான்.

‘டேப் சுத்திட்டா போதாதா?’

போதாது. ஆலைகளில் மூன்று பேஸ் மின்சாரம் 415 வோல்ட். நல்ல கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற குறியும் இருக்கும். அந்த உறை 10,000 வோல்ட் வரை கொடுத்துச் சோதிக்கப்பட்டது. பல் பட்டு வெட்டு விழுந்துவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. டேப்பின் பசை வெயிலிலும் எண்ணெயிலும் இளகிவிடும். ஈரக் கையோடு பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. மல்டிமீட்டரில் வயர் மட்டும் சேதமென்றால், ப்ரோப் செட்டைத் தனியாக வாங்கலாம். மீட்டரில் உள்ள அதே ‘கேட் 3’ அல்லது ‘கேட் 4’ குறி அதிலும் இருக்க வேண்டும். ரப்பர் கையுறையில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் அது குப்பைக்குத்தான்.

மாற்றுவதில் என்ன தலைவலி?

எலி கடித்ததற்குப் பொதுவாக வாரன்டி கிடைக்காது. புது மீட்டர் வாங்கினாலும் பல ஆலைகளில் அளவுத்திருத்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே கொண்டுபோக முடியாது. அது கைக்கு வரும்வரை ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் போகும். சுமார் 40 கி.மீ. தள்ளி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால், பில் இல்லாமல் வாங்காதீங்க. குறியை மட்டும் அச்சடித்து வரும் போலிகளும் உண்டு.

யானை மிதித்தால்?

பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் யானைக் கூட்டம் ஜவளகிரி, சானமாவு பகுதித் தோட்டங்களில் புகுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். மோட்டார் ஷெட்டோ, அதிலிருந்த கருவிகளோ சேதமானால், எதையும் எடுத்து ஒதுக்கும் முன் போட்டோ எடுத்துவிட்டு வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் வயர் பக்கம் மட்டும், மின்வாரியம் சப்ளையை நிறுத்தும்வரை யாரும் போகக்கூடாது.

என்ன செய்யலாம்?

துணிப்பைக்குப் பதில் மூடியுள்ள தகரப் பெட்டி வாங்குங்கள். சாப்பாட்டுக்குத் தனிப் பை வையுங்கள். தினமும் வேலைக்கு முன், எதிலும் இணைக்காத நிலையில் வயரை இரண்டு விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் பல் தடம் விரலுக்குத் தட்டுப்படும்.