பழைய டிராக்டரின் தொடக்க மோட்டார் மந்தமாதலும் அதனைச் சீர்ப்படுத்தும் முறையும்

நிலையூர், தென்கால் முதலிய கண்மாய்களில் நீர் பெருகி மடை திறக்கப்பட்டவுடன், திருநகரைச் சூழ்ந்துள்ள வயல்களில் தொளியுழவு சில தினங்களுக்குள் முடிந்தாக வேண்டும். நாற்று முற்றிவிடும், நீரும் காத்திராது. அத்தருணத்தில் பழைய டிராக்டரின் தொடக்க மோட்டார் ஒரு முறை முனகி நின்றுவிடுமாயின், குடியானவருக்கு நேரும் நஷ்டம் மோட்டாரின் விலையோடு முடிவதன்று. பட்டறைகளில் "செல்ப்" என்று வழங்கப்பெறும் இவ்வுறுப்பைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது டிராக்டர் உடையார் யாவருக்கும் அவசியம்.

மோட்டார் வண்டிகளுக்கு மின்சாரத் தொடக்கி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவரால் 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. நம் மாகாணத்தில் டாபே கம்பெனி 1960-லும், தொடக்க மோட்டார்களைச் செய்யும் லூக்காஸ்-டி.வி.எஸ். கம்பெனி 1961-லும் ஸ்தாபிதமாயின. 1946 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய பெர்குசன் டிராக்டரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கியர்க் கம்பியையே தொடக்க ஸ்தானத்திற்குத் தள்ளினால்தான் மோட்டார் சுழலும். ஆகவே கியரில் இருக்கும்போது என்ஜினைக் கிளப்ப இயலாது.

இவ்வித ஏற்பாட்டின் பயனைக் கெடுப்பது ஒரு துர்ப்பழக்கம். செல்ப் மந்தமானதும் சிலர் கீழே நின்றபடி, ஸ்க்ரூ டிரைவரால் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்து என்ஜினைக் கிளப்புகின்றனர். டிராக்டர் கியரில் இருந்துவிட்டால் என்ஜின் கிளம்பிய கணமே பின்சக்கரம் அவர்மீது ஏறிவிடும். விலகுவதற்கு நேரமிராது. பல தேசங்களில் இதனாலேயே உழவர்கள் உயிரிழந்துள்ளனர். ஒரு ஜதை கார்பனை மாற்றச் சோம்பி உயிரைப் பணயம் வைப்பது எவ்வளவு பேதைமை!

மோட்டாரைக் கழற்றுமுன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். திராவகத்தின் அடர்த்தி 1.150-க்குக் கீழிருப்பின் குற்றம் மோட்டாருடையதன்று. அடுத்தபடி முனைகளையும், என்ஜினுக்குச் செல்லும் எர்த் கம்பியையும் கவனிக்க. என்ஜினைச் சுழற்றுகையில் 200 ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் ஓடும். பச்சை பூத்த ஒரு முனையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும், 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். அம்முனை கைக்குச் சுடும். முன்விளக்கை ஏற்றி வைத்துச் செல்பை இயக்கிப் பார்ப்பதும் எளிய சோதனையே. மோட்டார் மெதுவாகச் சுழல, விளக்கும் மிக மங்கினால் பேட்டரி பலங்குன்றியது, அல்லது மோட்டார் உள்ளே உராய்கிறது என்று கொள்ளலாம். விளக்கு மங்காதிருந்தால் கார்பனிலோ இணைப்பிலோ மின்சாரம் தடைப்படுகிறது.

கழற்றும்போது பேட்டரியின் எர்த் கம்பியை முதலில் விடுவிக்க வேண்டும். மூடிகளும் உடலும் சேருமிடத்தில் அடையாளமிட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டுவது சுலபம். கார்பன்கள் தேய்ந்திருந்தால் புதியன இடுக. தேயாதிருப்பினும், தத்தம் கூட்டில் தடையின்றி நழுவுகின்றனவா என்று பார்க்க. சேற்றுழவில் புகுந்த நீரும் மண்ணும் உலர்ந்து அவற்றை இறுக்கிவிடுவதுண்டு. கம்யூடேட்டரைப் பெட்ரோல் தோய்த்த துணியால் துடைத்து, வேண்டுமாயின் நயமான கண்ணாடிக் காகிதத்தால் தேய்க்கலாம். எமரிக் காகிதம் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்து கார்பனை அரிக்கும். பள்ளம் விழுந்திருந்தால் கடைசலில் மெல்லிதாகச் சீவ வேண்டும். இங்கு அனுபவமுள்ள கம்மியரும் தவறுவர்: டைனமோவில் செய்வதுபோல் செப்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைத் தாழ அறுத்துவிடுகின்றனர். பழைய லூக்காஸ் தொடக்க மோட்டார்களில் அவ்வாறு அறுத்தலாகாது.

மந்தத்திற்குப் பெரும்பாலும் மறைந்திருக்கும் காரணம் புஷ் தேய்மானமே. புஷ் தளர்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத் துருவங்களில் உராயும். அதன் இரும்பின்மேல் பளபளப்பான கீறல்கள் தெரிந்தால் வேறு சான்று வேண்டா. புதுப் புஷ் நுண்துளைகளுள்ள வெண்கலத்தாலானது. பூட்டுமுன் இலேசான என்ஜின் எண்ணெயில் ஒரு பகலும் இரவும் ஊறவேண்டும். பூட்டியபின் உட்புறத்தைக் குடைந்து அகலமாக்கினால் துளைகள் அடைபட்டு எண்ணெய் கசியாது. அவசர வேலையில் ஊறவைக்காது பூட்டிய புஷ் அடுத்த போகத்திலேயே மீண்டும் பட்டறைக்கு வரும்.

பற்சக்கரமும் அது ஓடும் தண்டும் மண்ணெண்ணெயில் கழுவப்பட வேண்டும். கிரீஸ் அப்புவது நன்றன்று. கரிசல் தூசி அதில் ஒட்டிப் பற்சக்கரம் நகராது நின்றுவிடும்.

பூட்டி முடித்த மோட்டாரை வைஸில் இறுகப் பிடித்தே சோதிக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடன் அது கையினின்றும் துள்ளிவிடும். பளுவின்றிச் சுழலும்போது இதன் வேகம் மட்டின்றி ஏறுமாதலால் சில விநாடிகளே போதும். டிராக்டரில் ஏற்றுமுன் அது பொருந்தும் முகத்திலுள்ள பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட வேண்டும். மின்சாரம் திரும்பும் வழி அவ்விரும்பே.