முள்ளுக்குள் ஒரு கனி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், உப்பளங்களைக் கடந்து உட்புறமாக நடந்தால், உடைமரங்களுக்கும் பனைகளுக்கும் இடையே, தட்டின்மேல் தட்டை ஒட்டி வைத்தாற்போல் ஒரு செடி நிற்பதைக் காணலாம். வேலியோரத்திலும் தேரி மணலிலும் யாரும் நீர் ஊற்றாமலே வளரும் சப்பாத்துக்கள்ளிதான் அது. நாகதாளி என்றும் சொல்வர். அதன் விளிம்பில் கருஞ்சிவப்பாய்ப் பழுத்திருக்கும் கனியை நம்முள் எத்தனை பேர் சுவைத்திருப்போம்?

ஆடு மேய்க்கும் சிறுவர் சிறுமியருக்கு அதன் பக்குவம் தெரியும். குச்சியால் தட்டி விழச் செய்வார்கள். மணலில் புரட்டித் தேய்த்து, மயிர் போன்ற சுணைமுள்ளைப் போக்குவார்கள். பிறகு பிளந்து, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்துவிட்டு உண்பார்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை. நாக்கும் உதடும் சிவந்து, தின்றவரைக் காட்டிக் கொடுத்துவிடும்! பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான நிறப்பொருளின் இனமே இதிலும் இருக்கிறது.

ஆயினும் இப்பழத்தை நம் கடைத்தெருவில் கூறு வைத்து விற்பது அரிது. "கள்ளிப்பழமா? வேண்டாம்மா, வயிற்றுக்கு ஆகாது" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் பதில். இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது?

முதற்காரணம் பெயர். கள்ளி என்றதும் கள்ளிப்பால் நினைவுக்கு வருகிறது. பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே பச்சிளம் சிசுக்களின் வாயில் அந்தப் பாலை ஊற்றிய கொடுமை தமிழ்நாட்டில் நடந்ததுண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்கவே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்தது. அந்தச் சொல்லைக் கேட்டுத் தாய்மார் அஞ்சுவதில் வியப்பென்ன? ஆனால் பால் வடியும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்துக்கள்ளியோ கேக்டஸ் என்னும் வேறு குடும்பம். அதை வெட்டினால் பால் வராது. வெண்டைக்காயைப் போல வழவழப்பான நீரே கசியும். (பால் வடியும் எந்தக் கள்ளியையும் வாயில் வைக்கக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது என்பதைத் தம்பி தங்கையருக்குச் சொல்லி வையுங்கள்.)

அது அந்நியச் செடி என்பதாலா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல் வழி வந்தது என்பது உண்மைதான். சப்பாத்து என்ற சொல்லே காலணியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். ஆனால் மிளகாயும் அப்படி வந்ததுதானே! மிளகாய் இல்லாமல் நம் கடற்கரையில் மீன்குழம்பு உண்டா? எனக்குத் தோன்றுவது வேறு. பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்ட செடி இது. இல்லாதவர் தின்பது என்ற எண்ணம்தான், முள்ளைவிட ஆழமாகத் தைத்திருக்கிறது.

மெக்சிகோ நாட்டாரைப் பாருங்கள். அவர்களது தேசியக் கொடியிலேயே கள்ளிச் செடிமீது கழுகு அமர்ந்திருக்கிறது. நம் கள்ளிக்கு உறவான, பெரிய கனி தரும் ஓர் இனத்தை அவர்கள் தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள். அதன் இளந்தட்டு அவர்களுக்குக் காய்கறி. சந்தையில் பெண்கள் கத்தியால் முள்ளைச் சீவிச் சீவி விற்பார்கள். தவக்காலத்தில் இறைச்சி ஒறுத்தல் நாள்களில் அவர்கள் சமைப்பதைக் கேட்டால் நம் ஊர்த் தாய்மார் வியப்பர். உலர்ந்த இறாலைப் பொடித்து, முட்டையில் கலந்து வடைபோல் பொரித்து, கள்ளித்தண்டு சேர்த்த மிளகாய்க் குழம்பில் இடுவார்களாம்! கருவாடு மணக்கும் நம் வீடுகளுக்கு இது அவ்வளவு தூரத்துச் சமையலா?

இத்தாலியின் சிசிலித் தீவினரோ இக்கனியை 'இந்திய அத்தி' என்கிறார்கள். கொலம்பஸ் அமெரிக்காவை இந்தியா என்று எண்ணியதால் வந்த பெயர். கோடைத் தொடக்கத்தில் முதற்பூக்களை உதிர்த்துவிடுவார்கள். மீண்டும் பூத்துக் காய்க்கும் இலையுதிர் காலப் பழம் பருத்துச் சுவையாய் இருக்கும்.

இனி ஒரு சோக வரலாறு. நம் மாகாணத்தில் விளைநிலங்களை மூடிய சப்பாத்துக்கள்ளியை அழிக்க, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு வெண்பஞ்சுப் பூச்சி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் புதர்கள் பட்டுப்போயின, உழவர் மகிழ்ந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில், 1924 வாக்கில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மடகாஸ்கர் தீவிலும் அதே குலத்துப் பூச்சி விடப்பட்டது. ஆனால் அதன் தென்பகுதியில் வாழ்ந்த அந்தந்துருய் மக்களுக்கு அந்தக் கள்ளிதான் வறட்சியில் உணவு. மாடுகளுக்குத் தீவனமும் தண்ணீரும் அதுவே. கள்ளி கருகியது. மாடுகள் மாண்டன. 1930ஐ ஒட்டிய பஞ்சத்தில் மக்களும் மடிந்தனர். களை என்று முடிவு செய்தவர்கள் அதை உண்டவர்கள் அல்லர்.

இன்று நம் பழக்கடைகளில் இளஞ்சிவப்புச் செதில்களோடு டிராகன் பழம் பளபளக்கிறது. நோயாளியைப் பார்க்கச் செல்வோரும் அதை வாங்கிப் போகிறார்கள். அதுவும் கேக்டஸ் குடும்பத்துக் கனியே! 2021இல் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' என்று பெயரிட்டது. தேரியில் பழுத்திருக்கும் அதன் உறவுக்கனியை மட்டும் இன்னும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளே பறிக்கிறார்கள்.