வீட்டு ஒயரிங் வேலைக்கு ‘தெரிஞ்ச பையன்’ போதுமா? லைசென்ஸ் எலக்ட்ரீசியன்தான் வேணுமா?

மழைக்காலம் வந்தாலே ‘ஷாக் அடித்து பலி’ செய்திகளும் சேர்ந்தே வரும். ரோட்டில் அறுந்து கிடக்கும் கம்பியை மிதித்துச் சாவது ஒரு பக்கம். வீட்டுக்குள்ளேயே கிரைண்டரைத் தொட்டு, ஈரத்துணி காயப்போட்டு, மோட்டார் சுவிட்சைப் போட்டுச் சாவது இன்னொரு பக்கம்.

ரோட்டில் கம்பி அறுந்தால் ஈ.பி.யைக் கேள்வி கேட்கலாம். வீட்டுக்குள் நடந்தால் யாரைக் கேட்பது? மீட்டர் வரைக்கும்தான் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி உள்ளே ஓடும் ஒயர், சுவிட்ச், பிளக் எல்லாம் வீட்டுக்காரர் பாடு.

அந்த உள் வேலையை நம்ம ஊரில் பெரும்பாலும் யார் பார்க்கிறார்கள்? ‘நம்ம தெரு பையன்தான், நல்லா பார்ப்பான்’ என்று கூப்பிடுகிறோம். இல்லையென்றால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு நாமே ஸ்டூலில் ஏறிவிடுகிறோம். இது சட்டப்படி சரியா?

எது நாமே செய்யலாம்?

சட்டம் இதில் ரொம்பத் தெளிவாகவே இருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் இருந்த அதே கோடுதான் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளிலும், அதற்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய விதிமுறைகளிலும் இருக்கிறது.

பல்பு மாற்றுவது, பேன் மாற்றுவது, பியூஸ் போடுவது, கெட்டுப்போன சுவிட்சுக்குப் பதில் அதே மாதிரி வேறு சுவிட்ச் போடுவது. இதற்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்கனவே இருக்கிற ஒயரிங்கின் அளவும் தன்மையும் மாறக்கூடாது.

புதுசா ஒரு பிளக் பாயிண்ட் இழுப்பது, ஏ.சி.க்கு லைன் போடுவது, மாடியில் ஒரு ரூம் கட்டி கீழே இருந்து கரன்ட் எடுப்பது, மெயின் போர்டை மாற்றுவது எல்லாம் வேறு கணக்கு. அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் அதைச் செய்ய வேண்டும். ரிப்பேர் வேலைக்கும் இதே விதிதான்.

தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும் சான்றிதழையும் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டியில் இருக்கிறது. ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பி உதவியாளர் என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். புது வீட்டுக்கு கரன்ட் கனெக்‌ஷன் கேட்கும்போது ஒயரிங் டெஸ்ட் ரிப்போர்ட்டில் உரிமம் உள்ளவர் கையெழுத்து வேண்டும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். வேலை ஒருத்தர் பார்க்க, கையெழுத்து மட்டும் வேறொருத்தரிடம் வாங்குவதும் நடக்கத்தான் செய்கிறது. அந்தக் கையெழுத்தால் என்ன பிரயோஜனம்?

சும்மா பேப்பருக்காகவா?

‘இருபது வருஷமா வேலை பார்க்கிறவருக்கு லைசென்ஸ் எதுக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லைசென்ஸ் இல்லாமலே சுத்தமாக வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் லைட் எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். தப்பான ஒயரிங்கிலும் லைட் எரியும். பேன் சுற்றும். அதுதான் வம்பே.

உதாரணத்துக்கு, சுவிட்சை பேஸ் ஒயரில் போடுவதற்குப் பதில் நியூட்ரலில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? சுவிட்சை ஆப் செய்தால் பல்பு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டரில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். ‘சுவிட்ச் ஆப்பில்தானே இருக்கு’ என்று கை வைத்தவர் கதி அவ்வளவுதான். பல்பு மாற்றுவதாக இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டுச் செய்யச் சொல்வது இதனால்தான்.

எர்த் விஷயம் இன்னும் மோசம். மூணு ஓட்டை பிளக் இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயரே இருக்காது. இன்னும் சிலர் எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணாக முறுக்கி விடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் கட்டானால் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க கரன்ட் ஏறி நிற்கும்.

அடுத்தது ஒயரின் தடிமன். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு 1500 வாட்ஸ் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கில் சொருகுகிறோம். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் இன்னொரு 4 ஆம்பியர். லைட்டுக்குப் போட்ட மெல்லிசு ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகி உருகும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பவர்களும் உண்டு. பியூஸ் போவது நம்மைக் காப்பாற்றத்தான். அதன் வாயைக் கட்டிவிட்டால் அடுத்து எரிவது வீடுதான்.

எம்.சி.பி. இருக்கே, பயமில்லையே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எம்.சி.பி. என்பது ஒயரைக் காப்பாற்றும் கருவி. ஆளைக் காப்பாற்றாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6000 மில்லி ஆம்பியர் வரைக்கும் பேசாமல் இருக்கும். ஒரு ஆள் சாக அதில் ஒரு சின்னத் துளி போதும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. எனும் கருவி. போன கரன்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் மெயினைக் கட் செய்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்க. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பார்த்தால் கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்க. இதைப் பொருத்துவது மெயின் போர்டு வேலை என்பதால் உரிமம் உள்ளவரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

எதற்கெடுத்தாலும் மெயின் இறங்குது என்று சில வீடுகளில் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக ஜாயின்ட் அடித்துவிடுகிறார்கள். இறங்குகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பினால் எப்படி?

வாடகை வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

சுவரைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது, குழாயைத் திறந்தால் கை ஜிவ்வென்று இழுக்கிறது என்றால் ‘ஈரம் பட்டதால இருக்கும்’ என்று விடாதீங்க. மெயினை இறக்கிவிட்டு ஹவுஸ் ஓனரைக் கூப்பிடுங்க. துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்க. ஈ.பி. சர்வீஸ் ஒயர் கட்டியிருக்கும் கம்பியில் கொடி கட்டவே கட்டாதீங்க. சர்வீஸ் ஒயர், மீட்டர், போஸ்ட் பக்கம் பிரச்சினை என்றால் எந்த எலக்ட்ரீசியனும் கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்கு எந்த நேரமும் சொல்லலாம்.

வேலைக்கு ஆள் கூப்பிடும்போது ‘கார்டு இருக்காண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. கூலி கொஞ்சம் கூட ஆகலாம். உண்மையான ஆள் கோபப்பட மாட்டார்.

கார்டு இல்லாமல் அனுபவத்திலேயே வண்டி ஓட்டும் நம்ம ஊர் அண்ணன், தம்பிகளுக்கும் வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ‘மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு’ நடத்துகிறது. 21 வயது முடிந்து, ஒயரிங் வேலையில் 5 வருஷ அனுபவம் இருந்தால் எழுதலாம். மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு எப்போது வருகிறது என்று பக்கத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டுக்கொள்ளலாம்.