சப்பாத்திக்கள்ளியும் அரசாங்கப் பணமும்

சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று நம் மொழியில் இரு பெயர் பெற்றுவிட்டபடியால், அச்செடி தொன்றுதொட்டு நம் மண்ணில் வளர்வதென்றே பலர் எண்ணுவர். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். புகுந்த நாடுகளுள் அது பெருங்கேடு விளைத்தது ஆஸ்திரேலியாவில். களையொழிப்புக்கு அரசாங்கம் பணத்தை எங்ஙனம் செலவிடல் வேண்டும் என்பதை ஆராய்வார்க்கு அந்நாட்டு வரலாறு மிகவும் பயன்படும்.

1788 இல் முதற் குடியேற்றக் கப்பல்களோடு கள்ளியும் வந்தது. அதில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுப்பதே நோக்கம். அத்தொழில் நடக்கவில்லை. பின்னர் வேலிக்காகவும் பிற கள்ளியினங்கள் வந்தன. 1925 இல் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலம் கள்ளிவயப்பட்டிருந்தது. இது தீபகற்ப மலேசியாவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. அதிற் பாதி, ஆளும் மாடும் நுழையவொண்ணாத முட்காடு.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. கள்ளியை ஒழிக்கும் வழி காண்போர்க்கு 5,000 பவுன் பரிசளிப்பதாகக் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் 1901 இல் அறிவித்தது; 1907 இல் அதனை இருமடங்காக்கியது. பரிசைப் பெற்றவர் ஒருவருமிலர். நச்சுமருந்து தெளித்தால் செடி மடியும். ஆனால் மருந்துச் செலவு நிலத்தின் விலையையே விஞ்சிற்று. குடியானவர் நிலத்தை விட்டு வெளியேறுவதன்றி வேறென் செய்வர்? பரிசு என்பது முடிந்த செயலுக்குத் தரும் கூலி. ஆண்டுக்கணக்கில் ஆராய்வார்க்கு அது சோறிடாது.

1912 இல் ஜான்ஸ்டன், டிரயன் என்னும் அறிஞர் இருவர் கள்ளியின் இயற்கைப் பகைகளைத் தேடி உலகஞ் சுற்றப் புறப்பட்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியினம் ஒன்றைச் சிறு பூச்சி ஒன்று முன்னரே அழித்திருந்தது. அதனை வருவித்துவிட, ஆஸ்திரேலியாவிலும் அவ்வினம் பெரும்பாலும் ஒழிந்தது. பெருங்கேடு செய்த இனங்களையோ அது தீண்டவில்லை. ஆர்ஜென்டினாவிலிருந்து கொணர்ந்த அந்துப்பூச்சியின் புழுக்கள் வளர்ப்பில் மடிந்தன. பின்னர் போர் மூண்டது.

கள்ளிக்கு மாநில எல்லை ஏது? 1920 இல் மத்திய அரசாங்கமும் இரு மாநிலங்களும் பொருள் பங்கிட்டு ஒரு வாரியம் நிறுவின. பணம் ஆண்டுதோறும் வந்தமையால், முன்னர்த் தோற்ற முயற்சியை மறுபடியும் தொடங்க முடிந்தது. 1925 இல் ஆலன் டாட் என்பார் அதே அந்துப்பூச்சியின் முட்டைகள் ஏறத்தாழ 3,000 ஐ ஆர்ஜென்டினாவிலிருந்து கொணர்ந்தார். புழுக்கள் பயிர்களைத் தின்னுமோவெனச் சோதித்த பின்னரே வெளியே விட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பரப்பிய முட்டைகள் 200 கோடிக்கும் மேல்.

தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முள்ளைப் போல் அடுக்கும். பொரித்த புழுக்கள் கூட்டமாகத் தண்டைத் துளைத்து உள்ளீட்டைத் தின்னும், எஞ்சியது அழுகிவிடும். 1933 க்குள் பெருங்காடுகள் சாய்ந்து, நிலம் மீண்டும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் வந்தது.

ஒன்று கூறவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கென இயற்கைக் கள்ளியினம் எதுவுமில்லை. ஆதலின் அங்கே கெடுதல் நேரவில்லை. அதே பூச்சியை 1957 இல் கரீபியக் கடலின் நெவிஸ் தீவில் விட்டனர். அது 1989 இல் புளோரிடாவிற் காணப்பட்டு, அங்குள்ள இயற்கைக் கள்ளிகளைத் தின்னத் தொடங்கியது. கள்ளியை உணவாகப் பயிரிடும் மெக்சிகோவோ, 2006 இல் தன் தீவொன்றில் அதனைக் கண்டு, அரசாங்கப் பணத்தாலேயே அதனை அழிக்க நேர்ந்தது.