மணமக்கள் மீது எதைத் தூவுவது?

தாலி கட்டும் வேளையிலே கெட்டிமேளம் முழங்க, கூடியிருப்போர் அறுகரிசி தூவி வாழ்த்துவது நம்மவர் தொன்றுதொட்டுப் பேணிவரும் வழக்கமாகும். அண்மைக் காலத்தில் அதற்கு ஒரு துணை வந்து சேர்ந்திருக்கின்றது. மணமக்கள் மண்டபத்துள் நுழையும்போதும், பின்னர் வரவேற்பு வைபவத்திலே கேக் வெட்டும்போதும், அழுத்தப்பட்ட காற்று அடைத்த குழாயொன்றை ஒருவர் திருகுகின்றார். படாரென்ற ஓசையுடன் பொன்னிறமும் வெள்ளிநிறமுமான துணுக்குகள் ஆயிரமாயிரமாய் மேலெழுந்து மின்னி மின்னி விழுகின்றன. கொன்பெற்றி என்பது அதன் பெயர். காண்பதற்கு அழகாய்த்தான் இருக்கின்றது. புகைப்படத்தில் அதனினும் அழகாய் இருக்கின்றது.

இத்துணுக்குகளைக் காகிதம் என்றே பலர் எண்ணுகின்றனர். மின்னுகின்றவை பெரும்பாலும் காகிதம் அல்ல. பொலியெஸ்ரர் போன்ற பிளாஸ்ரிக் வகையொன்றை மெல்லிய படலமாக்கி, அதன்மேல் அலுமினியம் பூசி, பொடிப்பொடியாக வெட்டியெடுக்கப்படுபவை அவை. ஐயமுடையோர் ஒன்றை எடுத்துக் கிழித்துப் பார்க்கலாம். காகிதமாயின் எளிதிற் கிழிந்து விளிம்பிலே நார் தெரியும். பிளாஸ்ரிக்காயின் வழவழப்பாக இழுபடும்.

மின்னி விழுந்த கணத்தோடு அதன் பயன் முடிந்துவிடுகின்றது. அதன் ஆயுளோ அப்பொழுதுதான் தொடங்குகின்றது. மண்டபத்தைக் கூட்டுபவரின் தும்புத்தடிக்கு அகப்படாமல் ஈரத்தரையில் ஒட்டிக்கொள்வதும், கதிரைக் கால்களின் கீழ் ஒளிந்துகொள்வதும் அதன் இயல்பு. அகப்பட்டவையும் எங்கே செல்கின்றன? பந்தியில் எடுத்த வாழையிலைகளோடும் எஞ்சிய சோறு கறியோடும் ஒரே குவியலிற் சேர்கின்றன. இங்கேதான் உண்மையான நட்டம் இருக்கின்றது. வாழையிலையும் மரக்கறிக் கழிவும் சில மாதங்களில் உக்கித் தோட்டத்துக்கு நல்ல பசளையாகக் கூடியவை. ஒருபிடி மினுக்கத் துணுக்கு அவற்றிற் கலந்துவிட்டால் அதனைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. அப்பசளையை இட்டால் துணுக்கும் மண்ணோடு போய்ச் சேரும். இடாவிட்டால் பசளை முழுவதும் குப்பைமேட்டுக்கே போகும். கலியாணச் செலவுக் கணக்கில் இந்த நட்டத்தை எவரும் எழுதுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கியாறு ஒன்றுண்டு. சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கும் மழைநீரே நமது கிணறுகளுக்கு ஊற்று. இத்தகைய நிலத்தில் வாழ்வோர் மண்மேல் எதைச் சிதறவிடுகின்றோம் என்பதிற் பிறரினும் கருத்தாயிருத்தல் வேண்டுமன்றோ!

அரசாங்கங்களும் இவ்விஷயத்தில் விழித்துக்கொண்டன. 2023 ஒக்ரோபர் மாதத்திலே நமது நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்ரிக் பொருட்கள் பல தடைசெய்யப்பட்டன. உறிஞ்சுகுழாய், கரண்டி ஆகியவற்றுடன் பிளாஸ்ரிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் அலங்காரத்துக்கென விற்கப்படும் பிளாஸ்ரிக் மினுக்கத்தூளுக்குத் தடை விதித்தது. பிளாஸ்ரிக் மாலையை மணமகன் கழுத்திலிருந்து அகற்றிவிட்டு, பிளாஸ்ரிக் தூளை அவன் தலையிற் கொட்டுவது என்ன நியாயமோ!

'உக்கக்கூடியது' என்று உறையில் அச்சிட்டு விற்கும் கொன்பெற்றியை வாங்கலாமே என்பார் உளர். அச்சொல்லை அப்படியே நம்புதல் ஆகாது. சோளமாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. எனும் பிளாஸ்ரிக்கும் உக்கக்கூடியதே. ஆனால் ஏறக்குறைய 60 பாகை வெப்பத்தைத் தொடர்ந்து பேணும் பசளை ஆலையிலேதான் அது விரைந்து உக்கும். நம் வளவிலே அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். மாணவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஒரு பொதியை வாங்கி, பாதியை ஒரு குவளை நீரிலும் மறுபாதியைப் பூச்சட்டி மண்ணிலும் இட்டு, மண்ணை ஈரமாக வைத்திருந்து பார்க்கட்டும். சாயம் கரைகின்றதா என்பது நீரில் மறுநாளே தெரிந்துவிடும். நிறமூட்டிய மென்காகிதம் வியர்வையும் பன்னீரும் பட்ட கூறைச் சேலையில் என்ன செய்யும் என்பதை அக்குவளையே காட்டிவிடும்.

கொன்பெற்றியின் பூர்வீகம் சுவையானது. இத்தாலிய மொழியில் அச்சொல் சீனிப்பாகு பூசிய வாதுமை முதலிய இனிப்புகளைக் குறிக்கும். களியாட்ட விழாக்களில் சீனி பூசிய கொத்தமல்லி விதைகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினர். 1870களில் மிலான் நகரத்துப் பக்கத்தில், பட்டுப்புழு வளர்க்கும் தட்டுகளுக்கெனத் துளையிட்ட காகிதத்திலிருந்து உதிர்ந்த வட்டத் துண்டுகளை வீணாக்காது விற்கத் தொடங்கினர். ஆக, காகிதக் கொன்பெற்றி பிறந்ததே கழிவைப் பயன்படுத்திய சிக்கனத்தினால்தான்.

அதே சிக்கனத்தை நாமும் கைக்கொள்ளலாம். மரத்தின் கீழ் உதிர்ந்து கிடக்கும் மா, பலா இலைகளைத் துடைத்து, கந்தோர்களில் காகிதத்துக்குத் துளையிடும் கருவியாற் குத்தினால் மஞ்சளும் செம்மையும் கலந்த வட்டங்கள் வேண்டியமட்டும் கிடைக்கும். வீட்டுச் சிறுவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. செலவும் இல்லை.

பூவிதழ் தூவ விரும்புவோர் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்திய இதழ்களையே கொள்வது நன்று. பச்சை இதழ் மிதிபட்டால் தரை வழுக்கும். செவ்வரத்தை இதழ் கறையும் விடும். ரோசாவும் செவ்வந்தியும் உலர்ந்தபின்னும் நிறம் காட்டுவன. அலரியை மாத்திரம் அறவே விலக்குதல் வேண்டும். மஞ்சள் அலரியின் நஞ்சினால் வட இலங்கையில் இழந்த உயிர்கள் பல. அதனைச் சிறுவர் பொறுக்கும் இடத்திலும் ஆடு மேயும் இடத்திலும் சிதறவிடலாகாது. நித்தியகல்யாணி பெயரளவில் மங்கலமானதெனினும் அதுவும் நஞ்சுடையதே.

இனி அறுகரிசிக்கு வருவோம். பூவும் நெல்லும் மணமக்களுக்கு உரியனவாகிய வரலாறு மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே, மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்த, பூவிதழும் நெல்மணியும் அவள் கூந்தலில் தங்கிக் கிடந்ததை நல்லாவூர் கிழார் காட்டுகின்றார். அரிசியோடு நாம் சேர்க்கும் அறுகோ, கணுத்தோறும் வேர்விட்டுப் படரும் புல். கோடையிற் காய்ந்து மடிந்ததுபோற் கிடந்தாலும் முதல் மழைக்கே தளிர்த்துவிடும். குடும்பம் தழைக்க வாழ்த்துவோர் அதைத் தெரிந்தெடுத்தது காரணமின்றி அன்று.

அரிசியைத் தின்னும் பறவைகளின் வயிற்றில் அது ஊதி அவற்றைக் கொல்லும் என்றொரு கதை மேல்நாட்டிலிருந்து இங்கும் பரவியிருக்கின்றது. 1985இல் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலே இதனை நம்பி, மணவிழாவில் அரிசி எறிவதைத் தடைசெய்யச் சட்டமூலமே கொண்டுவந்தனர். கென்ரக்கிப் பல்கலைக்கழக உயிரியலாளர் ஜேம்ஸ் குறூப்பா தம் மாணவரைக் கொண்டு இக்கதையைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார். பறவைகளுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. நீரில் ஊறியபோது சாதாரண வெள்ளரிசியிலும் பறவைத் தீனித் தானியமே கூடுதலாகப் பருத்தது என்பதும் தெரியவந்தது. வயலிலே நெல்லைத் தின்று வாழும் குருவிகளைக் கண்ட நம் கமக்காரர் இதற்குச் சோதனை வேண்டுமென்று கேட்டிரார்.

எனினும் அறுகரிசியிலும் கவனிக்க வேண்டியவை சில உள. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறியபோது கலப்பட மஞ்சள் கடைகளில் மலிந்தது. ஆதலின் முழு மஞ்சளை வாங்கி வீட்டில் இடிப்பதே நம்பிக்கையானது. அளவும் வேண்டும். விரல் நுனியால் எடுக்கும் அரிசி 3 கிராம் எனக் கொண்டால், 300 பேருக்கு ஒரு கிலோவும் தேவைப்படாது. கைநிறைய அள்ளிக் கதிரையிலிருந்தவாறே வீசுவதனால் அது மணமக்களை அடையாமல் முன்வரிசையாரின் கழுத்துக்குட் புகுகின்றது. பெரியோர் அருகிற் சென்று இரு கையாலும் இட்டு வாழ்த்துவதே முறை.

புகைப்படக்காரர் எதையாவது மேலே தூவித்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்துவாராயின் அவரையும் மனங்கோணச் செய்யவேண்டியதில்லை. பனங்கட்டி வைக்கும் சிறிய குட்டான்களை வாங்கி, உலர்ந்த இதழையும் இலை வட்டத்தையும் அவற்றில் நிரப்பி, வாசலில் நிற்கும் இளைஞர்களிடம் ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். முற்றத்தில் வைத்தே தூவட்டும்; விழுந்தவை அங்கேயே உக்கிப்போகும். வெறுங்குட்டானைச் சிறுவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவர்.